பாதிப் பெயர்

பில்பாவோவில் அந்த ஏப்ரலில்
ஒரு படுக்கைக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள்.
கோல்டோவின் நாக்கில் இருந்தது
காத்திருக்கவில்லை.
பிப்ரவரியில் பட்டாணி. மார்ச்சில் பாதாம்.
இப்போது எச்சில் விழுங்கவே
கண்ணை மூடிக்கொள்கிறார்.

'வெட்டிவிட்டுத் தைத்து மூடுங்கள், போதும்'
என்றார்கள் திரையின் ஆறு கட்டங்களிலிருந்து.
ஒரு கட்டத்தில் யாருடைய பூனையோ
வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.
நான் ஒரு படுக்கை கேட்டேன்.
ஒரே ஓர் இரவு.
சந்துர்த்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
பேசிப் பேசித்தான் பெட்டிகளை இறக்குகிறார் என்றேன்.
கொடுத்தார்கள்.
யாருடைய இரவை என்று சொல்லவில்லை.

மூக்கில் இரண்டு முறை குச்சி.
இரண்டு முறையும் 'இல்லை' என்று வந்தது.
அந்த 'இல்லை'யை நம்பாமலே உடுத்தினோம்.
பதினொரு பேர் நிற்கும் அறையில் ஐந்து பேர்.
முகம் போய்விட்டதால்
முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டோம்.
என் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிய உனாய்
'திருத்த நேரமில்லை' என்றான்.

மூச்சுக்குழாயைத் திறக்கும் கணம்.
'நிறுத்துகிறேன்' என்றாள் கர்பினே.
எந்திரம் நின்றது. அவர் மார்பு நின்றது.
யாரும் சொல்லாமலே
எங்கள் ஐந்து மூச்சும் நின்றன.
வெட்டு.
குழாய்.
பலூனை ஊது.
'ஓட்டு.'
பதினெட்டு நொடி.

இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தார், நெரேயா என்று.
மனைவி பெயர். எங்கள் மொழியில்
என்னுடையவள்.
தமனி ஓடும் இடத்தில்தான் தோலை எடுக்க முடியும்,
முந்தின நாளே சொல்லியிருந்தேன்.
'அவளிடம் நீங்களே சொல்லுங்கள்'
என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.
கத்தி பெயரின் நடுவே போயிற்று.
நெரே வந்தது என் கையோடு.
யா முழங்கைப் பக்கம் நின்றுவிட்டது.

கண்ணாடிமேல் கண்ணாடி. அதன்மேல் முகக்கவசம்.
நுண்ணோக்கியின் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் நடுவே
இரண்டு விரல் தூரம்.
அந்தத் தூரத்துக்குள் மயிரினும் மெல்லிய நூல்.
வியர்வை இமையில் தொங்கியது.
துடைக்க முடியாது, இன்று என் முகம்
எனக்கே தீட்டு.
முதல் சிரை உறைந்தது.
பிரித்தேன். மறுபடி தைத்தேன்.

நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள்.
நரம்பில்லாத நாக்குக்கு
சூப்பு சுடுவதுகூடத் தெரியாது.
கையின் நரம்பை நாக்கின் நரம்போடு சேர்த்தேன்,
இரண்டு தையல்.

எட்டு மணிக்கு ஊரே பால்கனியில் நின்று கைதட்டியதாம்.
எனக்குக் கேட்கவில்லை.
கவ்விகளை விட்டேன்.
வெளிறிக் கிடந்த துண்டு
கூச்சப்பட்டதுபோல் நிறம் மாறியது.

கீழே வாகன நிறுத்தத்தில் சாம்பல் நிற ரெனோ.
அனுமதிச் சீட்டை முன்கண்ணாடியில் செருகிவிட்டு
காலையிலிருந்து உள்ளேயே இருக்கிறாள்.
தொலைபேசியில் சொன்னேன்.
'என் பெயர்?'
'பாதி.'
'எந்தப் பாதி?'
'முன்பாதி. வாய்க்குள் இருக்கிறது.'
வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
'அப்படியென்றால்
என் என்று மட்டும் இருக்கிறது.
என் என்ன என்று
இனி அவர்தான் சொல்ல வேண்டும்.'
சிரித்தாளா தெரியவில்லை.

இரவில் மணிக்கொரு முறை
புதுத் தோலின்மேல் கருவியை வைத்துக் கேட்கிறான் உனாய்.
மூன்று மணிக்குக் கைபேசியை
நெகிழிப் பையில் போட்டு அருகே பிடித்தான்.
ஷ்ஷக், ஷ்ஷக்.
வாய்க்குள் யாரோ
ஈர மணலில் நடப்பதுபோல்.
சன்னலுக்குக் கீழே ரெனோவின் விளக்கு
ஒருமுறை எரிந்து அணைந்தது.

காலையில் அந்தப் படுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்.
விரிப்பு மாற்றி ஆறு நிமிடத்தில்
வேறொருவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.
பெயரை
நான் கேட்கவில்லை.